செம்பின் சத்தம்

மண்ணுக்குள் சத்தம் கேட்டுவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் மகனின் சுன்னத்துக் கலியாணத்தன்று இதை என் கண்ணால் பார்த்தேன். முதல் நாள் அந்தியில் எங்கள் வீட்டுப் பின்வளவைக் கடந்து போகும்போது, மண்ணுக்குள் உலோகம் தேடும் அவருடைய மெஷின் ஒரு இடத்தில் சத்தம் போட்டிருக்கிறது. இருட்டுப்பட்டதால் காலையில் பார்ப்போம் என்று போய்விட்டார். காலையில் வந்தால், அதே இடத்தில் சமையல்காரர்கள் கல் வைத்துப் பிரியாணிக் கிடாரத்தை ஏற்றியிருந்தார்கள். மனிதர் திரும்பிப் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு அடுப்புக்கு முன்னால் இருந்துகொண்டார். விருந்தாளிகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவிக்கொண்டு போனார்கள். அவர் எழும்பவில்லை. கிடாரம் இறங்கி, தணலை அள்ளிக் கொட்டிய பிறகு, சூட்டு மண்ணில் முழங்காலிட்டுக் கிண்டி, துருப்பிடித்த ஒரு கரண்டிக் காம்பை எடுத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழியை மூடிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"இப்பச் சோறு போடுங்க புள்ள."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடிப்பிடித்ததைத்தான் போட்டேன். அதையும் ருசி பார்த்துச் சாப்பிட்டார்.

கரைத்தீவில் அவருடைய வேலிக்கு அடுத்த வேலி எங்களுடையது. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னபோது, ஒரே கூட்டமாக வந்து இந்தக் களப்போரத்தில் ஒதுங்கியவர்கள் நாங்கள். எனக்கு அவர் சொந்தமில்லை. ஆனாலும் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூடப் பிறந்த மூத்தவரைப் போல. மனைவி நோயில் மவுத்தாகிவிட்டார். மகளைப் புத்தளத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். சண்டை முடிந்த பிறகு சில வருடம் ஊர்ப் பக்கம் போய்க் கண்ணிவெடி எடுக்கும் வேலை செய்தார். அந்த வேலை முடிந்து திரும்பி வந்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. புத்தளத்தில் றேடியோ திருத்துகிற ஒருவரைப் பிடித்து, பிளாஸ்டிக் குழாயும் செப்புக் கம்பிச் சுருளுமாக ஒரு மெஷினைக் கட்டுவித்துக்கொண்டார். காதில் மாட்டிக் கேட்பதற்கு எங்கேயோ கழித்துப்போட்ட ஒரு ஹெட்போன். அதோடு கற்பிட்டிக் கோட்டைப் பக்கத்துக் கடற்கரையை அளக்கத் தொடங்கினார்.

அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு. அலை மணலை வாரிக்கொண்டு போன இடங்களில், பச்சை பிடித்து, விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வெட்டுப்பட்ட ஆணி, ஈயக் குண்டு, பூட்டு, கப்பல் பலகையை இறுக்கிய செப்புத் தகடு, எதுவானாலும் எடுப்பார். எங்கள் வீட்டுக்காரர் அவரைச் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன காக்கா, ஒல்லாந்தன் போறப்போ ஒங்கட பேருக்கு உறுதி எழுதி வச்சிட்டா போனான்?"

"ஆர்ர பேருக்கு எழுதினானோ, அவன் வந்தாக் குடுப்பம்" என்பார், சிரிக்காமல்.

அது பகிடி இல்லை. கிடைத்த எதையும் அவர் மறைக்கமாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஒரு பழைய சஹன் தட்டில் அந்தக் கிழமை கிடைத்ததையெல்லாம் பரப்பி, வேலிப் படலைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்துவிடுவார். தொழுதுவிட்டு வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். தொலைத்தவர் யாராவது இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். அப்படி ஒரு கலியாண மோதிரமும், ஒரு மோட்டார் சைக்கிள் சாவியும் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. செப்புக் காசை மட்டும் யாரும் கேட்டு வரமாட்டார்கள். அதனால் அவை அவரிடமே தங்கிவிட்டன. ஜாம் போத்தலில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்துத்தான் துடைப்பார். நான் ஒருமுறை உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்துவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "தோல உரிச்சிட்டீங்களே புள்ள" என்றார். அதற்குப் பிறகு போத்தல் இருக்கும் பக்கம் நான் போனதில்லை.

ஒரு பெண்ணின் தலை போட்ட பெரிய செப்புக் காசு ஒன்றும் அவரிடம் இருந்தது. அது அமெரிக்காவின் பழங்காசு, ஏதோ கப்பலில் வந்தவன் விட்டுப்போயிருப்பான் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். விலைக்குக் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. அமெரிக்காக்காரன் தேடி வருவானா என்று அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போனார். பொலிஸும் ஒருமுறை வரச் சொல்லி ஆள் அனுப்பிற்று. மெஷின் வைத்துப் பழம்பொருள் தேடுவது குற்றம். இவர் சஹனோடு போத்தல்களையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். பாதிக்கு மேல் ஆணி. ஸ்டேஷன் பெரியவர் சிரித்துவிட்டு, எச்சரித்து அனுப்பினார். இவர் அதன் பிறகும் போனார். சொன்னால் கேட்கிற மனிதரா?

ஏன் இப்படி என்று எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். எங்கள் வீட்டு முன்வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார் காக்கா.

"சத்தம் கேட்டா ஆணியா வெடியா எண்டு தோண்டினாத்தான் தெரியும். எங்களோட வேல செஞ்ச ஒருத்தன், சோத்துக்கு மணி அடிச்சிட்டு எண்டு ஒண்ட விட்டுட்டு வந்தான். பின்னேரம் போய் எடுக்க மறந்துட்டான்."

"பொறகு?"

"பொறகு ஆடு தேடி வந்த ஒரு பொம்புள."

அவ்வளவுதான் சொன்னார். பிளேன்டீயை முடித்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவரை நான் விசரன் என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

வேலை செய்யும் முறையும் கண்ணிவெடி எடுத்த இடத்தில் பழகியதுதான். கடற்கரையில் நூல் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பார். ஒரு பாத்தியை முடிக்காமல் அடுத்ததில் கால் வைக்கமாட்டார். சத்தம் வந்த இடத்தில் நேராகக் குத்தித் தோண்டமாட்டார். ஒரு சாண் தள்ளி இறங்கி, பக்கவாட்டில் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு போவார். ஒல்லாந்தன் காசு வெடிக்கவா போகிறது?

ஆனால் அவரோடு பழகுவதில் ஒரு பயமும் இருந்தது. கிடைத்ததை மறைக்காத மனிதர், கிடைக்காததையும் மறைக்கமாட்டார். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், ஊரை விட்டு வரும்போது நகைகளை ஒரு செப்புக் குடத்தில் போட்டு முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்திருந்தாள். இந்தக் காலம் முழுக்க அந்தக் குடத்தை வைத்துத்தான் கதைப்பாள். மகளுக்கு அது, பேத்திக்கு இது என்று பிரித்துக்கூட வைத்திருந்தாள். இவரைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனார்கள். வீடும் இல்லை, முருங்கையும் இல்லை. நாள் முழுக்கத் தேடி ஒரு மூடியை எடுத்தார். திரும்பி வந்து அவள் கையில் மூடியைக் கொடுத்து, "ஒங்களுக்கு முந்தி ஆரோ தோண்டி எடுத்துட்டாங்க புள்ள, இனி அத நெனக்க வேணாம்" என்றார். கொஞ்சம் இழுத்து, இன்னொரு தரம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவள் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். நான் அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"கொடம் இரிக்கிது எண்டு அவ இன்னும் வருசக்கணக்கா இரிக்கிறதா?" என்று கேட்டார்.

எங்களுக்கு மறுபக்கத்து வேலியில் ராத்தா இருக்கிறார். என்னை விட மூத்தவர், அதனால் ராத்தா. அவருடைய கணவர், எனக்கு மச்சான் முறை, சண்டைக் காலத்தில் கற்பிட்டியிலிருந்து கடலுக்குப் போனவர். படகில் இரண்டு பேர். மச்சானும், கூடப் போன ஒரு பொடியனும். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. நேவி பிடித்துவிட்டது என்றார்கள், இந்தியாவில் ஜெயிலில் என்றார்கள், எங்கேயோ கண்டதாகக் கூடச் சிலர் சொன்னார்கள். பொடியனுக்கு அழ ஒரு உம்மா இருந்தார். அவரும் பிறகு மவுத்தாகிவிட்டார். ராத்தா மட்டும் அழவில்லை. காதி நீதிமன்றம் போய் இந்தக் கலியாணத்தை ரத்துச் செய்துகொண்டு வேறு கலியாணம் செய் என்று தம்பிமார் சொன்னபோது, உயிரோடு இருக்கிற மனிதருக்கு முன்னால் இதைக் கதைக்கிறீர்களே என்று கேட்டார். பெருநாளுக்குப் பெருநாள் அவருக்கென்று ஒரு சாரமும் சட்டையும் வாங்கி அலுமாரியில் வைத்தார். நன்றாகத் தூங்கமாட்டார். வேலியோரம் ஒரு சைக்கிள் போனாலும் எழுந்து உட்காருவார். ஒவ்வொரு வெள்ளியும் காக்காவின் சஹனைப் பார்க்க வருகிற முதல் ஆள் அவர்தான்.

கற்பிட்டிக்கு அப்பால் கடலில், தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தலை காட்டும் ஒரு மணல் தீடை இருக்கிறது. காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் படகு போக முடியாது. மற்றக் காலத்திலும் பகல் திரும்பினால் தண்ணீர் ஏறி மூடிவிடும். அங்கே உடைந்த படகுப் பலகைகள் கிடப்பதாக கடலுக்குப் போய்வரும் எங்கள் வீட்டுக்காரர் சொல்ல, காக்கா பிடித்துக்கொண்டார். காற்றுத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் போனார்கள். பாதிப் பாத்திகள் முடிந்தபோதே தண்ணீர் ஏறிவிட்டது. அந்தப் பாதியின் ஓரத்தில் ஒரு இஸ்முக் கூடு கிடைத்தது. ஓதி எழுதிய தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்னச் செப்புக் குழல். இரண்டு பக்கமும் மூடி, நடுவில் ஒரு வளையம்.

வெள்ளிக்கிழமை அதுவும் சஹனில் இருந்தது. ராத்தா குனிந்தார், எடுத்தார், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் போன படகின் முதலாளியான சம்மாட்டி தன்னுடைய ஆட்களுக்கு, ஓதிக் கொடுக்கிற ஒரே லெப்பையிடம், ஒரே மாதிரிக் கூடு செய்து கட்டிவிட்டிருந்தார். அதை எல்லோரும் அறிவார்கள். பள்ளியிலிருந்து வந்த மவ்லவியும் அதைத்தான் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கூடுதானே. இது ஆர்ர எண்டு எப்பிடிச் சொல்றது?"

"சொல்ல ஏலா" என்றார் காக்கா. "அங்க இன்னும் பாதி பாக்காம இரிக்கி. காத்து முடிஞ்சாத்தான் போகலாம்."

"எனக்குத் தெரியும்" என்றார் ராத்தா. "இது அவர்ர."

மவ்லவி நல்ல மனிதர். மவுத்தாகி இத்தனை வருடம் கழித்துச் செய்தி வந்தால் கணவனுக்காகப் பெண் தனித்திருக்கும் இத்தா எப்போதோ முடிந்த கணக்கு, இனி இருக்கத் தேவையில்லை என்று விளக்கிச் சொன்னார்.

"இல்ல மவ்லவி, எனக்கு அவர் இண்டைக்குத்தான் மவுத்தானார். நான் இரிக்கணும்."

பள்ளியில் மச்சானுக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. ராத்தா வெள்ளை உடுத்து, அறைக்குத் திரை போட்டு, நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட இத்தாவில் உட்கார்ந்தார். முதல் கிழமை முழுக்க அழுதார். அத்தனை காலத்து அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு தூங்கத் தொடங்கினார். நான் சோறு கொண்டுபோனால் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "புள்ள, எவ்வளவு காலத்துக்குப் பொறகு பசிக்குது தெரியுமா?" என்பார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. எனக்கு மனது நிறைந்துபோயிற்று. மச்சான் மவுத்து என்பதில் சந்தோசப்படுகிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அதுதான் உண்மை.

காற்று ஓய்ந்த அன்றே காக்கா தீடைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு வேறு தொழில் இருந்ததால், வேறொரு படகில் தனியாக இறங்கினார். பின்னேரம் நேராக எங்கள் குசினி வாசலுக்கு வந்தார். சாரம் நனைந்திருந்தது. கையை விரித்தார். உள்ளே இடுப்பு வாரின் பித்தளைப் பூட்டு ஒன்று. ஈச்ச மரமும் இரண்டு வாளும் பொறித்தது.

எனக்கு உடனே விளங்கிற்று. அந்தப் பொடியனின் கூடப் பிறந்த நானா சவூதியிலிருந்து அனுப்பிய வார். அதைச் சாரத்துக்கு மேலே கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று சந்தியில் நிற்பான். அவனை நாங்கள் சவூதி வார் என்றே கூப்பிட்டோம்.

"எங்க கெடந்திச்சு?"

"கூடு எடுத்த எடத்துக்கு அடுத்த பாத்தியில. ஒரு கை தூரமும் இல்ல. வார்ர தோலும் கொஞ்சம் ஒட்டியிரிக்கி."

அப்படியென்றால் கூடும் பொடியனுடையது. ராத்தாவின் இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. முடிந்ததும் போட்டுக்கொள்ள என்று ஒரு பூப்போட்ட சேலையை நான் வாங்கி வைத்திருந்தேன்.

"காக்கா, இதக் கொண்டுபோய்க் கடல்ல எறிங்க. அல்லாஹ்வுக்காக."

"எறியலாம். நான் பாத்துட்டனே."

"பாத்தா என்ன? அவ இப்பதான் ரெண்டு வாய் சாப்பிடுறா."

"பொய்யில சாப்பிடுறா புள்ள" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

தடுக்க நான் யார்? இத்தாவில் இருக்கிற பெண்ணை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது. அதனால் அவர் திரைக்கு வெளியே நின்றார். நான் உள்ளே போய், அந்தப் பூட்டை ராத்தாவின் கையில் வைத்தேன். ராத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பொடியன்ட."

"ஓம்" என்றார் வெளியே நின்றவர். கிடைத்த இடத்தைச் சொன்னார். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அப்ப அந்தக் கூடு?"

"அவண்ட எண்டுதான் நெனக்கிறன் புள்ள. ஒங்கட மாப்புளட இல்ல."

ராத்தா விழுந்துவிடுவார் என்று நான் கையைப் பிடித்தேன். அவர் விழவில்லை. சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. தலையில் இருந்த வெள்ளையை இழுத்துக் கட்டிலில் போட்டார். "அவருக்கு நல்லா நீந்தத் தெரியும், நான் சொன்னன்தானே, நான்தான் அவசரப்பட்டுட்டன்" என்றார். அந்தச் சிரிப்பைப் போல் ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் வேண்டாம்.

பிறகு திடீரென்று நிறுத்திவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினார்.

"காக்கா, அங்க வேற ஏதும் சத்தம் கேட்டிச்சா?"

வெளியே நின்றவர் இருமினார்.

"காக்கா?"

"இல்ல புள்ள."

"முழுக்கப் பாத்தீங்களா?"

"முழுக்கப் பாத்துட்டன். வேற ஒண்டுமில்ல."

நான் அவருக்குப் பின்னாலேயே படலை வரை ஓடினேன். ஏசத்தான் போனேன். பேயடித்த மாதிரிப் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பச் சந்தோசமா ஒங்களுக்கு?" என்றேன். "திரும்ப அந்தச் சாரத்தையும் சட்டையையும் வாங்கி அடுக்கட்டும். அங்க ஒண்டுமில்ல எண்டு தெரிஞ்சிட்டுதானே, இனியாவது அந்த மெஷினத் தூக்கி வைங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்டு கேட்டிச்சு புள்ள."

"என்ன?"

"கடைசிப் பாத்தியில. தோண்ட முந்தித் தண்ணி ஏறிட்டு. நாளைக்குப் போவம் எண்டு வந்தன்."

"ஆணியா இரிக்கும்" என்றேன். "இரும்புத் துண்டா இரிக்கும்."

"இரும்பு எனக்குத் தெரியாதா? செம்பு. அந்தக் கூடு போட்ட அதே சத்தம்."

உள்ளே ராத்தா அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நாளைக்குப் போவீங்களா?"

"அவ சிரிச்சது ஒங்களுக்குக் கேக்கல்லயா?" என்றார். "வாய் வரைக்கும் வந்திச்சு புள்ள. சொல்ல ஏலாமப் போயிட்டு."

அவர் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை, அந்தக் காலம் முழுக்கவும் போகவில்லை. எனக்கு அவர் மீது வந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை. முழு உண்மையையும் சொல்லியிருக்கலாம், அல்லது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க எதையும் விட்டுவைக்காதவர், இந்த ஒன்றில் மட்டும் நடுவில் நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை சஹன் வைப்பதும் நின்றது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்ச நாள் பகிடி பண்ணிப் பார்த்தார். காக்கா வேலியோரம் கதிரையைப் போட்டுக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் கொடுத்தனுப்பும் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். அடுத்த காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன்னால் மவுத்தாகிவிட்டார். இருதயம் என்றார் டொக்டர்.

காக்காவின் மய்யித்தை அடக்கக் கொண்டுபோன பிறகு, அவருடைய வீட்டில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். புத்தளத்திலிருந்து வந்த மகள் அழுதுகொண்டிருந்தாள். ராத்தா நல்ல பச்சை நிறச் சேலை உடுத்து, என் பக்கத்தில் இருந்தார். மகளின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஒங்கட வாப்பா ஒண்டையும் மறைக்காத மனிசன். மண்ணுக்குள்ள கெடந்தத மறைக்கல்ல, மனசில உள்ளதையும் மறைக்கல்ல. அவர் இல்லாட்டி நான் இண்டைக்குக் கைம்பெண்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன புள்ள, நான் சொல்றது சரிதானே?"

"ஓம் ராத்தா" என்றேன்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ராத்தா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நான் போறன் புள்ள. அவசரத்துல வீட்டப் பூட்டிட்டு வந்துட்டன். இவர் வந்தா வெளியிலதான் நிக்கணும்."